மருந்து வென்றும் பங்கு விழுவது ஏன்? உடல்பருமன் மருந்து நிறுவனங்களில் முதலீடு: ஒரு விளக்கம்

2024 டிசம்பர் 20 அன்று டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம், காக்ரிசெமா என்ற புதிய உடல்பருமன் மருந்தின் சோதனை முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 3,400 பேரிடம் 68 வாரங்கள் நடந்த அந்தச் சோதனையில், மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டால் உடல் எடை சராசரியாக 22.7 சதவீதம் குறையும் என்று தெரியவந்தது. நூறு கிலோ எடையுள்ள ஒருவர் ஊசி மருந்தால் மட்டும் 77 கிலோவுக்கு வருவார் என்று பத்தாண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் மருத்துவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அன்றே அந்நிறுவனத்தின் பங்கு விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. எடை 25 சதவீதம் குறையும் என்று நிறுவனம் முன்னரே எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டிருந்ததுதான் காரணம்.

உடல்பருமன் மருந்துப் பங்குகளை வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 'இந்த மருந்து வேலை செய்யுமா?' என்பதில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்று பெருமளவு விடை கிடைத்துவிட்டது. மருந்து வேலை செய்கிறது. பங்கு விலையைத் தீர்மானிப்பவை வேறு: என்ன விலைக்கு விற்க முடியும், எத்தனை ஆண்டுகள் தனி விற்பனை உரிமை இருக்கும், நோயாளி எத்தனை மாதம் தொடர்வார், இவை எல்லாவற்றையும் இன்றைய பங்கு விலை ஏற்கெனவே கணக்கில் சேர்த்துவிட்டதா. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மருந்து எப்படி வேலை செய்கிறது

நாம் உண்டபின் குடலிலிருந்து சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்று ஜிஎல்பி-1. இரத்தச் சர்க்கரை உயரும்போது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவதும், இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவதும், வயிறு நிறைந்த உணர்வை மூளைக்குத் தெரிவிப்பதும் இதன் வேலைகள். இயற்கையாகச் சுரப்பது சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். எளிதில் சிதையாத, ஆனால் அதே வேலையைச் செய்யும் ஒரு பொருள் கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் நஞ்சில் கண்டறியப்பட்டது; அதன் வழியாக 2005-இல் எக்ஸெனடைடு என்ற நீரிழிவு மருந்து அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

இன்றைய வணிகம் இரண்டு மூலக்கூறுகளைச் சுற்றி நிற்கிறது. முதலாவது நோவோவின் செமாக்ளூடைடு. நீரிழிவுக்கு ஓசெம்பிக் என்ற பெயரில் 2017-இலும், உடல்பருமனுக்கு வெகோவி என்ற பெயரில் 2021-இலும் அமெரிக்க ஒப்புதல் பெற்ற இது, வாரம் ஒருமுறை போடும் ஊசி. இரண்டாவது, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட எலி லில்லியின் டிர்செபடைடு. ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் இது செய்கிறது. நீரிழிவுக்கு மௌஞ்சாரோ (2022), உடல்பருமனுக்கு செப்பவுண்டு (2023) என்பவை அதன் வணிகப் பெயர்கள். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2025 மே மாதம் முழுமையாக வெளியானது: 72 வாரங்களில் டிர்செபடைடு 20.2 சதவீதமும் செமாக்ளூடைடு 13.7 சதவீதமும் எடையைக் குறைத்தன.

உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் உடல்பருமனுடன் வாழ்கிறார்கள். இந்தச் சந்தை ஆண்டுக்கு 10,000 கோடி டாலரைத் தொடும், 15,000 கோடி டாலரைத் தொடும் என்றெல்லாம் தரகு நிறுவனங்கள் கணித்தது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கையை விலையால் பெருக்கினால்தான் விற்பனை. அந்த விலை இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

சோதனை முடிவை எப்படிப் படிப்பது

மனிதர்களிடம் நடக்கும் மருந்துச் சோதனை மூன்று கட்டங்களாக அமைகிறது. முதல் கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பும், இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேரிடம் சரியான அளவும் பலனும், மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானோரிடம் உறுதியான நிரூபணமும் தேடப்படுகின்றன. பொதுவாக முதல் கட்டத்தில் நுழையும் பத்து மருந்துகளில் ஒன்றுதான் ஒப்புதல் வரை போய்ச் சேர்கிறது. இந்தத் துறையின் செய்திக்குறிப்புகளைப் படிக்கும்போது தலைப்பில் வரும் சதவீதத்துக்குக் கீழே பார்க்க வேண்டியவை சில உண்டு.

1. எந்தக் கணக்கு? காக்ரிசெமாவின் 22.7 சதவீதம் என்பது, எல்லோரும் மருந்தைத் தொடர்ந்து எடுத்தால் என்ற அடிப்படையில் மதிப்பிடப்பட்டது. இடையில் நிறுத்தியவர்களையும் சேர்த்தால் 20.4 சதவீதம். நிறுவனங்கள் பெரிய எண்ணைத்தான் தலைப்பில் போடும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது ஒரே வகைக் கணக்கைத்தான் ஒப்பிட வேண்டும்.

2. எத்தனை பேர் உச்ச அளவை எட்டினர்? இந்த மருந்துகளைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள். காக்ரிசெமா சோதனையில் 57 சதவீதம் பேரே கடைசி அளவுக்குப் போயிருந்தனர். நோயாளிக்கு ஏற்றபடி அளவை மாற்றிக்கொள்ள விதிமுறை அனுமதித்தது என்று நிறுவனம் விளக்கியது. பக்கவிளைவு தாங்காமல்தான் உயர்த்தவில்லையோ என்று சந்தை ஐயப்பட்டது. எந்த விளக்கம் சரி என்பது அந்த ஒரு நாளில் தெரிந்திருக்க வாய்ப்பில்லை; அந்த ஐயமே விலையை இறக்கப் போதுமானதாக இருந்தது.

3. எத்தனை பேர் விலகினர்? சிறிய நிறுவனமான வைக்கிங் தெரப்யூடிக்ஸின் கதை இதற்குப் பொருத்தமானது. 2024 பிப்ரவரி 27 அன்று அதன் ஊசி மருந்தின் இரண்டாம் கட்ட முடிவு வந்தபோது பங்கு ஒரே நாளில் 121 சதவீதம் ஏறியது. 2025 ஆகஸ்ட் 19 அன்று அதே மருந்தின் மாத்திரை வடிவத்துக்கான முடிவு வந்தது. 13 வாரங்களில் 12.2 சதவீதம் வரை எடை குறைந்தது என்பது நல்ல எண்தான். ஆனால் மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம் பேர் சோதனையை விட்டு விலகியிருந்தனர். பங்கு 42 சதவீதம் விழுந்தது.

4. எடையைத் தவிர வேறென்ன? 17,604 பேர் பங்கேற்ற செலக்ட் என்ற சோதனை, ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் மொத்த அபாயத்தை செமாக்ளூடைடு 20 சதவீதம் குறைப்பதாக 2023-இல் காட்டியது. அழகுக்கான மருந்து என்று ஒதுக்கிய காப்பீட்டு நிறுவனங்களை மறுபடி யோசிக்க வைத்தது இதுதான். எடைக்குறைப்பில் இன்னும் இரண்டு சதவீதம் கூடுவதைக் காட்டிலும் இத்தகைய முடிவுகள் நீண்டகால வருவாய்க்கு முக்கியமானவை என்பது என் கருத்து. ஆனால் எல்லாமே பலித்துவிடுவதில்லை: அல்சைமர் நோயில் செமாக்ளூடைடைச் சோதித்த இரு பெரிய ஆய்வுகளும் 2025 நவம்பரில் தோற்றன.

எதிர்பார்ப்பின் சுமை எலி லில்லியையும் விட்டுவைக்கவில்லை. அதன் மாத்திரையான ஆர்ஃபோர்கிளிப்ரான் 72 வாரங்களில் 12.4 சதவீதம் எடையைக் குறைத்ததாக 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்த நாளில் லில்லியின் பங்கு 14 சதவீதம் இறங்கியது. ஜப்பானின் சுகாய் நிறுவனத்திடமிருந்து 2018-இல் வெறும் 5 கோடி டாலர் முன்பணத்துக்கு உரிமம் பெற்ற மருந்து அது. ஊசி மருந்தைப் போலக் குளிர்பதனமும் ஊசிப் பேனாவும் வேண்டாத, வேதித் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யக்கூடிய மாத்திரை என்பதே அதன் உண்மையான பலம். தலைப்பில் வந்த எண் அதைச் சொல்லவில்லை.

விலை: பட்டியலில் ஒன்று, கையில் ஒன்று

இந்தத் துறையின் வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது; அங்குள்ள விலை முறை புரியாமல் இந்தப் பங்குகளைப் புரிந்துகொள்ள முடியாது.

வெகோவியின் ஒரு மாதப் பட்டியல் விலை, அதாவது நிறுவனம் வெளியில் அறிவிக்கும் விலை, சுமார் 1,350 டாலராக இருந்தது. செப்பவுண்டுக்கு சுமார் 1,090 டாலர். இந்தத் தொகை நிறுவனத்துக்கு அப்படியே போய்ச் சேர்ந்ததில்லை. காப்பீட்டு நிறுவனங்கள், வேலை கொடுப்போர் ஆகியோரின் சார்பில் எந்த மருந்துக்குக் காப்பீடு தரலாம் என்ற பட்டியலை முடிவுசெய்யும் இடைநிலை நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. பிபிஎம் என்று அழைப்பார்கள். அந்தக் காப்பீட்டுப் பட்டியலில் இடம் வேண்டுமானால் மருந்து நிறுவனம் அவற்றுக்குத் தள்ளுபடி தர வேண்டும். தள்ளுபடி போக எஞ்சுவதே நிகர விலை. பட்டியல் விலை மாறாமலே நிகர விலை ஆண்டுதோறும் இறங்கலாம். முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

இடைநிலை நிறுவனங்களின் அதிகாரம் எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2025 மே 1 அன்று, அவற்றுள் பெரியவற்றில் ஒன்றான சிவிஎஸ் கேர்மார்க், ஜூலை முதல் தன் பட்டியலில் வெகோவிக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்தது. கூடுதலாக எடையைக் குறைக்கும் செப்பவுண்டு பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதே நாளில் லில்லி, காலாண்டு வருவாய் 45 சதவீதம் உயர்ந்ததாகவும், ஆனால் ஆண்டு இலாபக் கணிப்பைக் குறைப்பதாகவும் அறிவித்திருந்தது. எல்லாம் சேர்ந்து லில்லியின் பங்கு 11 சதவீதத்துக்கு மேல் இறங்கியது.

விலையை இறக்கிய பிற காரணிகள் மூன்று.

1. கலவை மருந்துகள். ஒரு மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தால், தனி மருந்தகங்கள் அதே மூலப்பொருளைக் கலந்து தயாரித்து விற்கச் சட்டம் இடம் தருகிறது. 2022 முதல் இருந்த தட்டுப்பாட்டால் இந்த வணிகம் வளர்ந்து, இணையவழி மருத்துவ நிறுவனங்கள் மூலம் மிகக் குறைந்த விலையில் விற்பனை நடந்தது. டிர்செபடைடுக்கு 2024 டிசம்பரிலும் செமாக்ளூடைடுக்கு 2025 பிப்ரவரியிலும் தட்டுப்பாடு நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கலவை மருந்துகள் மறையவில்லை. 2025 ஜூலை 29 அன்று நோவோ தன் ஆண்டு விற்பனை வளர்ச்சிக் கணிப்பை 13–21 சதவீதத்திலிருந்து 8–14 சதவீதமாகக் குறைத்தபோது, இதையும் ஒரு காரணமாகச் சொன்னது. பங்கு அன்று இருபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

2. அரசுடன் ஒப்பந்தம். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிக்கேர், எடைக்குறைப்புக்கென்று மட்டும் தரப்படும் மருந்துக்குப் பணம் கொடுக்கச் சட்டத் தடை உண்டு. 2025 நவம்பரில் வெள்ளை மாளிகையுடன் இரு நிறுவனங்களும் செய்த உடன்பாட்டின்படி, மெடிக்கேருக்கு மாதம் 245 டாலர் என்ற விலையில் ஒரு வாசல் திறக்கிறது. சொந்தப் பணத்தில் வாங்குவோருக்குச் சராசரி 350 டாலர் அளவில் விலை அமைகிறது. அதாவது விலை இறங்குகிறது, வாங்குவோர் கூட்டம் பெருகுகிறது.

3. மாத்திரைகள். வெகோவியின் மாத்திரை வடிவம் 2025 டிசம்பரில் ஒப்புதல் பெற்று, தொடக்க அளவு மாதம் 149 டாலர் என்ற விலையில் விற்பனைக்கு வந்தது. ஊசிக்கு அஞ்சியவர்கள் இதனால் புதிதாக வருவார்கள். ஊசிக்குக் கூடுதலாகக் கொடுத்துவந்தவர்களிலும் ஒரு பகுதியினர் இதற்கு மாறுவார்கள்.

விலை பாதியானால் பழைய விற்பனையை எட்டவே நோயாளிகள் இரட்டிப்பாக வேண்டும் என்பது எளிய கணக்கு. அதைச் சிக்கலாக்குவது நோயாளி எவ்வளவு காலம் தொடர்கிறார் என்பது. செமாக்ளூடைடை நிறுத்தினால் ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுவதாக ஆய்வு காட்டியது. இதைப் படித்த சந்தை, 'அப்படியானால் வாழ்நாள் முழுக்க வாங்குவார்கள்' என்று மகிழ்ந்தது. நடப்பு வேறு: குமட்டல், செலவு, காப்பீட்டு மறுப்பு என்று பலவற்றால், சோதனைக்கூடத்துக்கு வெளியே பெருந்தொகையானோர் ஓராண்டுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். வாழ்நாள் வாடிக்கையாளர் என்ற அனுமானத்தில் போடப்பட்ட கணிப்புகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

காப்புரிமை: கடிகாரம் நாட்டுக்கு நாடு வேறு

காப்புரிமை என்பது, விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகளுக்குப் பிறர் அம்மருந்தைச் செய்து விற்காதபடி காக்கும் சட்ட உரிமை. சோதனைகளிலேயே பல ஆண்டுகள் கழிந்துவிடுவதால், விற்பனைக்கு மிஞ்சும் காலம் குறுகியது. செமாக்ளூடைடின் முதன்மைக் காப்புரிமை அமெரிக்காவில் 2032 வாக்கில் முடியும்; டிர்செபடைடுக்கு 2030-களின் நடுப்பகுதி வரை காலம் இருக்கிறது. இந்தியா, சீனா, பிரேசில் ஆகிய நாடுகளிலோ செமாக்ளூடைடின் காலம் 2026 மார்ச்சுடன் முடிந்தது. கனடாவில் நடந்தது விந்தையானது: காப்புரிமையை உயிரோடு வைத்திருக்கக் கட்ட வேண்டிய சில நூறு கனடிய டாலர் ஆண்டுக் கட்டணத்தை நோவோ கட்டாமல் விட்டதால், அங்கே அந்த உரிமை பல ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது.

இந்தியாவில் டாக்டர் ரெட்டீஸ், சன் பார்மா, சிப்லா, சைடஸ், நாட்கோ, பயோகான் போன்ற நிறுவனங்கள் அந்த மார்ச்சுக்காகப் பல ஆண்டுகள் ஆயத்தம் செய்தவை. காப்புரிமை இல்லாத நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய டாக்டர் ரெட்டீஸுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2025 டிசம்பரிலேயே இடம் கொடுத்தது. விலைச் சரிவுக்கு முன்னேற்பாடாக, வெகோவியின் இந்திய விலையை 2025 நவம்பரில் நோவோ 37 சதவீதம் வரை குறைத்தது. தேவை இருக்கிறதா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. 2025 மார்ச்சில் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய் என்ற விலையில் இங்கு அறிமுகமான மௌஞ்சாரோ, அதே ஆண்டு அக்டோபரில் மதிப்பின் அடிப்படையில் நாட்டில் மிக அதிகம் விற்ற மருந்தானது.

இதைக் கண்டு, காப்புரிமை முடிந்த மருந்தைத் தாமும் செய்து விற்கும் இந்திய ஜெனரிக் நிறுவனங்களின் பங்குகளை வாங்குபவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே மருந்தைப் பத்துப் பதினைந்து நிறுவனங்கள் ஒரே மாதத்தில் கொண்டுவந்தால், பயன் நோயாளிக்குப் போகும். இலாபம் பத்துப் பதினைந்தாகப் பிரியும். மூலப்பொருளைத் தானே செய்யும் நிறுவனம், ஊசிப் பேனா வழங்கலை முன்கூட்டி உறுதிசெய்த நிறுவனம், கனடா, பிரேசில் ஒப்புதலை முதலில் பெறும் நிறுவனம் ஆகியவற்றுக்கே சற்று நீண்ட காலம் நல்ல இலாபம் நிற்கும். பெரிய நிறுவனங்களின் மொத்த விற்பனையில் இம்மருந்தின் பங்கு சிறியதாகவே இருக்கும் என்பதால், இதற்காக மட்டும் அவற்றை வாங்குவது பொருந்தாது.

பழைய மருந்துகளின் வரலாறு

உடல்பருமன் மருந்துகளுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. இதய வால்வைப் பாதித்ததால் ஃபென்ஃபுளூரமைன் 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. அதை விற்ற அமெரிக்கன் ஹோம் புராடக்ட்ஸ், பின்னாளில் வையத், வழக்குகளுக்காக 2,100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றால் ஐரோப்பாவில் ரிமோனபாண்ட் 2008-இலும், இதய ஆபத்தால் சிபுட்ரமின் 2010-இலும், புற்றுநோய் ஐயத்தால் லார்காசெரின் 2020-இலும் சந்தையை விட்டுச் சென்றன. ஜிஎல்பி-1 மருந்துகள் இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோயாளிகளிடம் பயன்பட்டவை என்பதால் அந்த நிலை இவற்றுக்கு வரும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் இரைப்பைச் செயலிழப்பு தொடர்பான வழக்குகள் அமெரிக்க நீதிமன்றத்தில் உள்ளன. பார்வை நரம்பைப் பாதிக்கும் ஓர் அரிய நோயை செமாக்ளூடைடின் மிக அரிதான பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் சேர்த்தது. புதிய மூலக்கூறுகளில் ஆபத்து கூடுதல். ஃபைசர் தன் டானுகிளிப்ரான் மாத்திரையை, ஒருவருக்குக் கல்லீரல் பாதிப்பு தென்பட்டதால் 2025 ஏப்ரலில் கைவிட்டது.

கைவிட்ட ஃபைசர், விற்பனையில் ஒரு மருந்துகூட இல்லாத மெட்செரா என்ற சிறு நிறுவனத்தை வாங்கப் போட்டியிட்டது. 2025 ஜனவரியில் பங்கொன்று 18 டாலருக்குச் சந்தைக்கு வந்த மெட்செராவுக்காக நோவோவும் களமிறங்க, நவம்பரில் பங்கொன்றுக்கு 86.25 டாலர் வரை, மொத்தம் 1,000 கோடி டாலர் வரை என்று ஃபைசர் முடித்தது. அதில் 20.65 டாலர் பிற்கால இலக்குகள் நிறைவேறினால் மட்டுமே கிடைக்கும். இதைப் படித்துவிட்டு அடுத்த மெட்செராவைத் தேடுவோர், வைக்கிங்கின் 42 சதவீத வீழ்ச்சியையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

ஒரே துறை, இரு வேறு கணக்குகள்

2026 பிப்ரவரியின் முதல் வாரத்தில் இரு நிறுவனங்களும் ஆண்டுக் கணிப்புகளை வெளியிட்டன. விற்பனை 5 முதல் 13 சதவீதம் வரை குறையலாம் என்றது நோவோ. அதன் பங்கு 17 சதவீத அளவில் சரிந்தது. லில்லியோ 8,000 கோடி டாலருக்கு மேல் வருவாய் எதிர்பார்ப்பதாகச் சொல்ல, அதன் பங்கு ஏறியது. விலைச் சரிவு இரண்டுக்கும் பொது. கூடுதல் பலன் தரும் மருந்து, பின்னால் முடியும் காப்புரிமை, நோயாளிக்கு நேரடி விற்பனையில் முந்திக்கொண்டது ஆகியவை லில்லிக்குச் சாதகமாயின. 2023-இல் ஐரோப்பாவின் மிக மதிப்புள்ள நிறுவனமாக இருந்த நோவோ, 2025-இல் தலைவரை மாற்றி, 9,000 பணியிடங்களைக் குறைத்தது. 2025 நவம்பரில் லில்லி ஒரு லட்சம் கோடி டாலர் சந்தை மதிப்பைத் தொட்ட முதல் மருந்து நிறுவனமானது.

அப்படியானால் லில்லியை வாங்கலாமா? இங்கேதான் விலை–வருவாய் விகிதம் வருகிறது. பங்கின் விலையை, அப்பங்குக்குரிய ஓராண்டு இலாபத்தால் வகுத்தால் கிடைப்பது அது. இரு நிறுவனங்களும் பங்குக்கு 100 ரூபாய் இலாபம் ஈட்டுவதாகக் கொள்வோம். ஒன்றின் விலை 4,000, மற்றதன் விலை 1,200. முதலாவது பல ஆண்டுகள் வேகமாக வளர்ந்தால்தான் அந்த விலை நியாயமாகும். சற்றே சறுக்கினாலும் விழும். இரண்டாவது வளர வேண்டியதில்லை, சரியாமல் இருந்தாலே போதும். லில்லி முதல் வகைக்கும் நோவோ இரண்டாம் வகைக்கும் நெருங்கியவை. மேலும் 2024-இல் நோவோவின் விற்பனையில் ஏறத்தாழ 70 சதவீதம் செமாக்ளூடைடிலிருந்து வந்தது. லில்லியின் வருவாயில் டிர்செபடைடின் பங்கு 2025-இல் பாதியைத் தாண்டிவிட்டது. பெயருக்கு மருந்து நிறுவனங்களாயினும் இரண்டுமே ஒற்றை மூலக்கூற்றின் மீது நிற்பவை.

இந்தியாவிலிருந்து வாங்குவோருக்கு

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணஅனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டில் முதலீடு செய்யலாம். லில்லியும், நோவோவின் வைப்புச் சான்றுகளும் (வெளிநாட்டு நிறுவனப் பங்குகளுக்கு ஈடாக அமெரிக்காவில் விற்கப்படும் சான்றுகள்) நியூயார்க் பங்குச்சந்தையில் கிடைக்கின்றன. லில்லியின் ஈவுத்தொகையில் அமெரிக்கா 25 சதவீதமும், நோவோவின் ஈவுத்தொகையில் டென்மார்க் 27 சதவீதமும் முதலிலேயே வரி பிடித்துக்கொள்ளும். இந்திய வருமான வரிக் கணக்கில் உரிய படிவத்துடன் கோரினால் ஒப்பந்த அளவுக்கு உட்பட்டு ஈடு கிடைக்கும். பலர் அறியாத ஒன்று: அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கு நிலையாக வாழ்பவராகவோ இல்லாத ஒருவர் இறக்கும்போது அவரிடமுள்ள அமெரிக்க நிறுவனப் பங்குகளின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டினால், அந்நாட்டின் மரபுரிமைச் சொத்து வரி 40 சதவீதம் வரை விழலாம். இதிலிருந்து காக்கும் ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இல்லை. ஆகவே லில்லியில் பெருந்தொகை போட நினைப்பவர் முதலில் பேச வேண்டியது தரகரிடம் அல்ல, பட்டயக் கணக்காளரிடம்.